குழந்தைகளோடு சூழலைக் கெடுக்காத சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசுமைச் சுற்றுலா என்றதும் பலருக்கு மூங்கில் பல் துலக்கியும் துணிப்பையும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு குடும்பம் ஊர்சுற்றப் போவதால் வரும் பாதிப்பில் பெரும்பங்கு எவ்வளவு தூரம் போகிறோம், எதில் போகிறோம், போன இடத்தில் எத்தனை நாள் இருக்கிறோம் என்ற மூன்றிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் பயணத்தைப் பற்றிய கேள்விகள் முதலில், பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதெல்லாம் அப்புறம்.

ஒரு குடும்பம் மட்டும் பார்த்துப் பார்த்துப் போவதால் என்ன ஆகிவிடப் போகிறது?

பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களின் உலகளாவிய வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சுற்றுலாவால் வருகிறது என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் உங்கள் பங்கு கண்ணுக்குத் தெரியாத அளவுதான், உண்மை. ஆனால் உங்கள் வீட்டுக் கணக்கில் பாருங்கள்: வருடம் முழுக்க விளக்கை அணைத்து அணைத்து மிச்சம் பிடித்ததை ஒரே ஒரு நீண்ட விமானப் பயணம் விழுங்கிவிடும். வீட்டில் எடுக்கும் முடிவுகளில் இது பெரியது.

போகும் இடத்தின் கோணத்திலும் யோசிக்கலாம். தாய்லாந்தின் மாயா விரிகுடா ஒரு சின்னக் கடற்கரை. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்ததில், படகுகளின் நங்கூரம் பட்டே பவளப்பாறைகள் நொறுங்கின. 2018-இல் மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்துவிட்டன. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய முடியாது. வந்த ஒவ்வொரு குடும்பமும் ‘நாம் ஒருவர்தானே’ என்றுதான் வந்திருக்கும்.

விமானம், ரயில், கார், பேருந்து: குழந்தைகளோடு போக எது நல்லது?

நான்கு பேர் 500 கிலோமீட்டர் போவதாக வைத்துக்கொள்வோம். பிரிட்டன் அரசு ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குகளைத் தோராயமாக எடுத்துக்கொண்டால், குறைந்த தூர உள்நாட்டு விமானத்தில் ஓர் ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 250 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான பாதிப்பு. ரயிலில் 35 கிராம், தொலைதூரப் பேருந்தில் 27 கிராம். நடுத்தர பெட்ரோல் காருக்கு 170 கிராம், ஆனால் இது ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. இதை நான்கு பேருக்குப் பெருக்கிப் பார்த்தால் விமானம் 500 கிலோ, கார் 85 கிலோ, ரயில் 70 கிலோ, பேருந்து 54 கிலோ.

எல்லாரும் காரைத் திட்டுகிறார்கள், ஆனால் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து போகிற கார், ரயிலுக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒரே ஆள் ஓட்டிக்கொண்டு போகிற கார்தான் மோசம். ஆகவே சின்னக் குழந்தை, வயதானவர்கள், மூட்டை முடிச்சு என்று இருக்கும் குடும்பம் காரில் போனால் குற்ற உணர்ச்சி தேவையில்லை. இன்னும் இரண்டு பேருக்கு இடமிருக்கிற வண்டியில் இன்னொரு குடும்பத்தின் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டால் கணக்கு இன்னும் இறங்கும். மின்சாரக் காராக இருந்தால் அந்த ஊரில் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து மாறும். நிலக்கரி மின்சாரம் என்றால் லாபம் குறைவு.

குறைந்த தூர விமானம் ஏன் இவ்வளவு அதிகம் என்றால், தரையிலிருந்து கிளம்பி மேலே ஏறுவதற்குத்தான் எரிபொருள் நிறையப் போகிறது, பயணம் குறுகினால் அந்தப் பங்கு இன்னும் பெரிதாகிவிடும். அதோடு உயரத்தில் விமானம் விட்டுச்செல்லும் வெண்புகைக் கோடுகளும் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. மேலே சொன்ன 250-இல் அதுவும் சேர்ந்தே இருக்கிறது. பிரான்ஸ் 2023-இல் ஒரு விதி கொண்டுவந்தது: ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கிடையாது. நடைமுறையில் அது பாரிஸிலிருந்து சில வழித்தடங்களை மட்டும்தான் பாதித்தது. ஆனாலும் ஒரு குடும்பம் தனக்குத்தானே போட்டுக்கொள்ள நல்ல விதி. இரண்டரை மணி நேரத்தை வேண்டுமானால் இரவு ரயில் அளவுக்கு நீட்டிக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்தால் ஊர் வந்துவிடும், ஒரு இரவு தங்கும் செலவும் மிச்சம்.

கடல் தாண்டிப் போக வேண்டும், விமானம் தவிர வழியில்லை. அப்போது?

போங்கள். ஆனால் மூன்று தடவை ஐந்து ஐந்து நாளாகப் போவதற்குப் பதில் ஒரே தடவை போய் இரண்டு வாரம் இருங்கள். நடுவில் இறங்கி மாறாத நேரடி விமானமாகப் பாருங்கள், ஏறி இறங்குவது குறையும், களைத்துப் போன குழந்தையை நள்ளிரவில் இன்னொரு முனையத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடும் வேலையும் இல்லை. சாதாரண வகுப்பிலேயே உட்காருங்கள். பிசினஸ் வகுப்பு இருக்கை விமானத்தில் பிடிக்கும் இடத்துக்கேற்ப அதன் பங்கும் இரண்டு மூன்று மடங்கு. போய் இறங்கிய பிறகு அந்த நாட்டுக்குள் மறுபடி விமானம் ஏறாமல் திட்டம் போட முடியுமா என்று பாருங்கள், பெரும்பாலும் முடியும்.

மரம் நட, கார்பனை ஈடுகட்டப் பணம் கட்டினால் கணக்கு நேராகிவிடுமா?

ஆகாது. விமானம் விட்ட புகை இன்றைக்கே மேலே போய்விட்டது, நட்ட கன்று அதை உறிஞ்சப் பல பத்தாண்டுகள் ஆகும், அதுவரை அது வெட்டப்படாமல், எரியாமல் இருக்க வேண்டும். நல்ல வேலைக்குக் கொடுக்க விரும்பினால் நன்கொடையாகக் கொடுங்கள். செய்ததை அழித்துவிட்டதாக மட்டும் நினைக்க வேண்டாம்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

பட்டியல் கேட்பவர்களுக்கு என் பதில் ஏமாற்றமாக இருக்கும்: பக்கத்தில் இருக்கும், நீங்கள் இன்னும் பார்க்காத இடம். பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர், மணல், ஏறுவதற்கு ஒரு பாறை, ஓடுவதற்கு இடம் இருந்தால் அதுதான் அவர்களுக்கு வெளிநாடு. தூரத்து ஊருக்குப் போகும் ஆசை பெரும்பாலும் பெரியவர்களுடையது. அதில் தப்பில்லை, ஆனால் பிள்ளைகளுக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, ஏழு நாளில் ஐந்து ஊர் என்று போடாதீர்கள். ஓர் ஊரில் தங்கி, அங்கிருந்து நடந்தும் சைக்கிளிலும் உள்ளூர்ப் பேருந்திலும் போய்வரும் தூரத்தில் உள்ளதை மட்டும் பாருங்கள். வண்டி ஓட்டம் பாதியாகக் குறையும். குழந்தைகளும் மூன்றாம் நாளிலிருந்து அந்தத் தெருவைத் தங்கள் தெருவாக ஆக்கிக்கொள்வார்கள், தூக்கமும் சாப்பாடும் ஒழுங்குக்கு வரும். தினம் பெட்டி கட்டிப் பிரிப்பதுதான் குடும்பச் சுற்றுலாவில் சண்டைக்கு முதல் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்பதால் கூட்டத்தைத் தவிர்ப்பது கஷ்டம்தான். விடுமுறையின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரம், பிரபலமான இடத்தைவிட அதற்கு அடுத்த இடம், நண்பகலைவிட விடியற்காலை என்று சின்னச் சின்னதாக விலகலாம்.

விடுதி ‘பசுமை விடுதி’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

‘துண்டை மறுபடி பயன்படுத்தி பூமியைக் காப்பாற்றுங்கள்’ என்று குளியலறையில் அட்டை வைத்துவிட்டு வேறு எதையும் மாற்றாத விடுதிகளை 1986-இலேயே ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் கிண்டல் செய்து எழுதினார். அந்த அட்டை இன்னும் அப்படியே தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

சான்றிதழ் இருந்தால் யார் கொடுத்தது என்று பாருங்கள். கிரீன் கீ என்பது 1994-இல் டென்மார்க்கில் தொடங்கியது, நேரில் வந்து சோதித்துத்தான் தருவார்கள். உலக நிலைத்த சுற்றுலா மன்றம் தானாக எந்த விடுதிக்கும் சான்றிதழ் தருவதில்லை, சான்றிதழ் தரும் அமைப்புகளுக்கு அளவுகோல் வகுத்து அங்கீகாரம் தருகிறது. ஆகவே அந்த மன்றமே தங்களுக்கு நேரடியாகச் சான்று கொடுத்தது என்று ஒரு விடுதி சொன்னால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

சான்றிதழுக்குப் பணம் கட்ட முடியாத சின்ன விடுதிகளும் வீட்டுத் தங்கல்களும் நிறைய உண்டு, அவற்றில் பல உண்மையிலேயே சிக்கனமாக நடப்பவை. அவர்களிடம் தொலைபேசியில் கேளுங்கள்: வெந்நீர் எதில் காய்கிறது? குப்பை எங்கே போகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? வேலை செய்பவர்கள் அந்த ஊர்க்காரர்களா? அறையில் குடிதண்ணீர் நிரப்பிக்கொள்ள வசதி உண்டா? பதில் சட்டென்று வந்தால் நல்ல அறிகுறி. ‘நாங்கள் இயற்கையோடு இணைந்தவர்கள்’ என்று சுற்றி வளைத்தால் புரிந்துகொள்ளுங்கள்.

சமையலறை உள்ள இடம் கிடைத்தால் குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு அதுவே மேல்.

பல மணி நேர ரயில் பயணத்தில் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது?

காரில் கட்டிப்போட்டு வைப்பதைவிட ரயிலில் சமாளிப்பது சுலபம், எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது. ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: ஒருவன் வரைபடத்தில் நிலையங்களைக் குறித்துக்கொண்டு வரட்டும், ஒருத்தி தண்ணீர்க் குப்பிகளுக்குப் பொறுப்பு. அலைபேசியை முழுக்கத் தடை செய்ய வேண்டாம், எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நச்சரிப்பு குறையும். புதுப் பொம்மை வாங்கிப் போகாதீர்கள், அலமாரியில் மறந்து கிடக்கும் பழையது ஒன்றை இரண்டு மாதம் ஒளித்து வைத்திருந்து எடுத்தால் புதிதுக்குச் சமம்.

பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும்?

சுற்றுலாவுக்கென்று எதையும் புதிதாக வாங்காமல் இருப்பதே பாதி வேலை. வீட்டில் இருக்கும் குப்பி, டப்பா, கரண்டி போதும். கூடாரம், முதுகில் குழந்தையைச் சுமக்கும் பை, கதகதப்பான சின்ன உடைகள் மாதிரி குழந்தை சீக்கிரம் வளர்ந்து தாண்டிவிடும் சாமான்களை இரவல் அல்லது வாடகைக்கு எடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். குழாய்த் தண்ணீர் சந்தேகமாக இருந்தால் நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விட வேண்டும், 2000 மீட்டருக்கு மேல் உள்ள மலையூர் என்றால் மூன்று நிமிடம், ஏனென்றால் உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கிருமி சாகும், ரசாயனக் கலப்பு இருந்தால் போகாது. காய்ச்சவும் வழியில்லை, குழந்தைக்கு வயிறு வேறு சரியில்லை என்றால் மூடி முத்திரையிட்ட தண்ணீரை வாங்குங்கள், பெரிய கேனாக வாங்குங்கள். பிளாஸ்டிக்கைத் தவிர்க்கிறேன் என்று குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை.

டயபர்?

துணி டயபர் எப்போதும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. எப்படித் துவைக்கிறோம், வெயிலில் உலர்த்துகிறோமா, அடுத்த குழந்தைக்கும் பயன்படுமா என்பதைப் பொறுத்துத்தான் அதன் லாபம். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரில், துவைக்க வசதியில்லாத அறையில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயபரே நியாயம். ஆனால் காட்டிலோ கடற்கரையிலோ புதைக்காமல், பைக்குள் பை போட்டுக் கட்டி, முறையாகக் குப்பை எடுக்கும் ஊர் வரும்வரை கொண்டு வாருங்கள். ஈரத் துடைப்பான்களில் பலவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, கழிப்பறையில் போட்டால் கரையாது. நனைத்த பழைய பருத்தித் துணி அந்த வேலையைச் செய்யும்.

கடலில் இறங்கும்போது சன்ஸ்கிரீன் போடலாமா? பவளப்பாறைக்குக் கெடுதல் என்கிறார்களே?

ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற ரசாயனங்களில் ஏதாவது ஒன்று கலந்திருந்தாலும் அந்த சன்ஸ்கிரீன் விற்பதை ஹவாய் 2021 ஜனவரி முதல் தடை செய்தது. பலாவ் தீவு நாடு அதற்கு ஒரு வருடம் முன்பே இன்னும் நீளமான பட்டியலோடு தடை விதித்தது. ஆகவே குப்பியின் பின்பக்கம் படித்து, துத்தநாக ஆக்சைடு உள்ளதாக வாங்கலாம். ஆனால் பவளப்பாறைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது கடல் சூடாவதுதான், சன்ஸ்கிரீன் அதற்கு அடுத்தபடி. விமானத்தில் பறந்து போய் ‘பாறைக்கு உகந்த’ களிம்பு பூசிக்கொள்வதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

குழந்தைக்குச் சுலபமான வழி முழுக்கை நீச்சல் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி, உச்சி வெயிலில் நிழல். களிம்பு பூச வேண்டிய இடம் முகமும் பாதமும் மட்டும் என்று ஆகிவிடும். ஆறு மாதத்துக்குள் உள்ள கைக்குழந்தைக்குச் சன்ஸ்கிரீனை நம்பாமல் வெயிலிலேயே காட்டாமல் இருப்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. தோல் எரிய எரியச் சூழலைக் காக்க வேண்டியதில்லை, வேறு எதுவும் கிடைக்கவில்லையென்றால் கிடைத்ததைப் பூசுங்கள்.

பவளப்பாறை மேல் நிற்கக் கூடாது என்பதைத் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நீந்தத் தெரியாத பிள்ளை பயத்தில் காலை ஊன்றத்தான் செய்யும், அவர்களை மணல் உள்ள பகுதியிலேயே விளையாட விடுங்கள்.

பிள்ளைகள் யானைமேல் ஏற வேண்டும், டால்பினைத் தொட வேண்டும் என்கிறார்கள்.

இதில் மட்டும் நான் கறார். மேலே ஏறலாம், கட்டிப்பிடிக்கலாம், மடியில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று காட்டு விலங்கை யார் காட்டினாலும் அங்கே போகாதீர்கள், பலகையில் ‘சரணாலயம்’ என்று எழுதியிருந்தாலும் சரி. அந்த விலங்கு அப்படிப் பணிவதற்கு முன்னால் நடப்பதைக் குழந்தைக்குக் காட்ட மாட்டீர்கள். டிரிப்அட்வைசர் என்ற பயண இணையதள நிறுவனமே 2016-இல் இதுபோன்ற சவாரிகளுக்குச் சீட்டு விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது.

மறுத்தால் அழுவார்கள். பதிலுக்கு ஒரு இருகண் நோக்கியை (பைனாகுலர்) கையில் கொடுங்கள், இரவலாகக் கிடைத்தாலும் போதும். இன்னொன்றும் சொல்லிக் கொடுக்கலாம்: கையை நேராக நீட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். விலங்கு முழுசாக விரலுக்குப் பின்னால் மறைந்தால் நாம் தள்ளி நிற்கிறோம், மறையவில்லையென்றால் பின்னால் போக வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் சொல்லித் தரும் உபாயம் இது. ஐந்து வயதுப் பிள்ளைகூட ஆசையாகச் செய்யும், கொஞ்ச நேரத்தில் பெரியவர்களையும் அதட்டிப் பின்னால் தள்ளும். ஆபத்தான விலங்கு இருக்கும் இடத்தில் அங்கே எழுதி வைத்திருக்கும் தூரம்தான் கணக்கு, விரல் அல்ல.

குரங்கு, அணில், பறவை எதற்கும் தீனி போடக் கூடாது. மனிதன் கையைப் பார்த்துப் பழகிய விலங்கு பிறகு பையைப் பிடுங்கும், கடிக்கும், கடைசியில் அதைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆமை முட்டையிடும் கடற்கரையில் இரவில் கைவிளக்கும் படமெடுக்கும் ஒளியும் வேண்டாம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துத் திசை மாறிப் போய்விடும்.

காட்டுப் பாதையில் நடக்கும்போது அவசரமாக வந்துவிட்டால்?

பெற்றோர் கேட்கத் தயங்கும், ஆனால் கட்டாயம் தேவைப்படும் கேள்வி. ஓடை, குளம், பாதை எதிலிருந்தும் சுமார் 60 மீட்டர், அதாவது பெரியவர் நடையில் எழுபது எட்டு, தள்ளிப் போங்கள். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி, முடிந்ததும் மண்ணை மூடுங்கள், காகிதத்தைப் பையில் எடுத்து வந்துவிடுங்கள். சின்ன மண்வெட்டி ஒன்று பையில் இருக்கட்டும். சோப்பு ‘மக்கும்’ வகையாகவே இருந்தாலும் ஓடையில் நேரடியாகக் கழுவாதீர்கள், அது மக்குவது மண்ணில்தான், தண்ணீரில் அல்ல.

கிளம்புவதற்கு முன் எல்லாருடைய செருப்பு அடியையும் தேய்த்துக் கழுவுங்கள். ஓர் ஊர்ச் சேற்றில் ஒட்டிய விதை இன்னோர் ஊரில் களையாக முளைப்பது இப்படித்தான். விறகும் அப்படியே: மரத்துக்குள் இருக்கும் பூச்சி விறகோடு பயணம் செய்யும், தங்கும் இடத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் கவனிக்க என்ன இருக்கிறது?

2022-இல் நுகர்வோரைச் சென்றடைந்த உணவில் 19 சதவீதம் வீணானதாக ஐ.நா. சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. பஃபே மேசையில் பிள்ளைகளை விட்டால் இந்தக் கணக்கு புரிந்துவிடும். முதலில் ஒரு கரண்டி, பிடித்தால் மறுபடி போகலாம் என்று சொல்லி விடுங்கள். மாட்டிறைச்சியைக் குறைத்தாலே சாப்பாட்டின் கார்பன் கணக்கு நன்றாக இறங்கும்.

பூமி சூடாவதைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது?

விடுமுறையில் மிகக் குறைவாக. எட்டு வயதுக் குழந்தையிடம் பனி உருகுவதையும் கரடி சாவதையும் சொல்லிப் பயமுறுத்தி, அவர்கள் கையில் இல்லாத பாரத்தைத் தூக்கி வைக்க வேண்டாம். செய்ய முடிகிற வேலையாகக் கொடுங்கள். பதின்வயதினர் வேறு மாதிரி. அவர்களிடம் திட்டத்தையே ஒப்படையுங்கள்: இவ்வளவு பணம், இத்தனை நாள், மூன்று வழிகளை ஒப்பிட்டுச் சொல் என்று. உங்களைவிடக் கறாராகக் கணக்குப் போட்டு, நீங்கள் ஆசைப்பட்ட விமானத்தை அவர்களே வெட்டிவிட வாய்ப்பிருக்கிறது. அப்போது முணுமுணுக்கக் கூடாது.

தாத்தா பாட்டியும் வருகிறார்கள், நடக்க முடியாது. என்ன செய்வது?

வண்டி எடுங்கள், குளிர்சாதனம் போடுங்கள். மிச்சப்படுத்துவதை வேறு இடத்தில் மிச்சப்படுத்தலாம்.

சொகுசுக் கப்பலில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறதே, அது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. மிதக்கும் விடுதியை நீச்சல் குளத்தோடும் குளிர்சாதனத்தோடும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று யோசியுங்கள். ஆளுக்கு ஒரு கிலோமீட்டர் என்று பார்த்தால் பல கப்பல்கள் விமானத்தையே மிஞ்சும். சர்வதேச விதிகளின்படி கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் சுத்திகரிக்காத கழிவுநீரைக்கூட, கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றலாம். தீவுக்குப் போய்வரும் சாதாரணப் பயணிகள் படகு வேறு விஷயம், அதில் தாராளமாகப் போகலாம்.

பிள்ளைகள் பொறுக்கிய சிப்பி, கல், இறகு எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

காலிச் சிப்பியில் துறவி நண்டு குடியேறும், இறகும் கல்லும் பல தேசியப் பூங்காக்களில் எடுக்கவே கூடாது. நாடு தாண்டினால் விஷயம் சட்டம் வரை போகும்: பவளம், கடற்குதிரை, சில வகைப் பெரிய சங்குகள் எல்லாம் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன, 1975 முதல் அது நடைமுறையில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் பையில் இருந்தால் விமான நிலையத்தில் பறிமுதலாகக்கூடும், கடையில் பணம் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும். பொறுக்கியதை மணலில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துக்கொண்டு, கிளம்பும்போது எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கால்சட்டைப் பையை ஒருமுறை உதறிப் பார்த்துவிடுங்கள், எப்படியும் இரண்டு உள்ளே இருக்கும்.